மூன்று ஹிஸ்

உட்துறைமுக வீதியில், கச்சேரிக்கு நாலு கடை தள்ளி
என் மேசை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை.
கடைசி 'ர்' உதிர்ந்து இரண்டு வருஷம்.
பக்கத்துக்கு எழுநூறு ரூபா. முத்திரை தனி.

காலையில் இருவர் வந்தார்கள்,
திருக்கடலூர் அலோசியஸ், கிண்ணியா முஸம்மில்.
படகு ஒன்று, பாதிப்பாதி.
என்ஜின் ஒன்று, நாற்பது குதிரை.
பவுல் முனைக்கு அப்பால் அதைக் கடல் எடுத்துக்கொண்டது.
காப்புறுதிக் கம்பனிக்கு இங்கிலீசில் வாக்குமூலம் வேணுமாம்.

லோயர் எழுதிக் கொடுத்த தமிழ் இது:
'தான் பூட்டை இறுக்கியதாகவும்
அவனுடைய கயிறுதான் அறுந்ததாகவும்
அலோசியஸ் முஸம்மிலிடம் சொன்னான்.'

இதில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை.
தான் என்றால் சொன்னவன்.
அவன் என்றால் எதிரே நின்று கேட்டவன்.
தகப்பனும் மகனும் போல ஒரே சாடை,
ஆனாலும் வேறு வேறு ஆள்.

டைப் அடித்தேன்.
தட் என்ற சொல்லைத் தாண்டியதும்
இரண்டு ஆம்பிளைகளும் ஒரே சட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள்.
ஹீ இறுக்கினான். ஹிஸ் கயிறு அறுந்தது.
எந்த ஹீ? எவனுடைய ஹிஸ்?

அடுத்த வரி இன்னும் மோசம்.
'கரைக்கு வந்தபோது' என்று தொடங்கினால்
அந்த மொழியில் பெயர் வருமுன்னே
பிரதிப்பெயர் வந்து கதிரையில் குந்திவிடும்,
மாப்பிள்ளை வருமுன் மணவறை ஏறிய தோழன் மாதிரி.
தாலியை யார் கையில் கொடுப்பது?

பெயர்களைப் போட்டுப் பார்த்தேன்.
அலோசியஸின் பூட்டு, முஸம்மிலின் கயிறு,
அலோசியஸின், முஸம்மிலின்.
வாக்கியம் பொலிஸ் வரிசையில் நின்றது.

முன்னவர், பின்னவர் என்று போடலாம் என்றேன்.
முஸம்மில் சிரித்தான்.
'நான் அணியத்துல, இவன் கடையாருல.
திரும்பி வரக்குள்ள இவன் அணியத்துல.
எந்த நேரத்துக்கு எழுதுவீங்க?'

அலோசியஸ் சிரிக்கவில்லை.
'அப்ப மிஸ், முதல் அடிச்ச மாதிரி விட்டா
ஆற்ற கயிறெண்டு அவங்களுக்கு விளங்காதா?'

விளங்காது.

மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடித்தது.
ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்,
வலை இழுக்கும்போது பார்த்துக்கொள்வார்களே, அப்படி.
'கிடக்கட்டும் மிஸ்' என்றான் ஒருவன்.
எவன் என்று எழுதமாட்டேன்.
காசை யார் தந்தது என்றும் கவனிக்கவில்லை.

நான் சத்தியம் பண்ணியவள்.
உள்ளதை உள்ளபடி.
இல்லாத இடத்தில் எதைப் போடுவது?
முத்திரையை ஊதி ஊதி அழுத்தினேன், நேராக விழவில்லை.

கிழித்த தாள்களைப் படிக்கட்டில் வைத்தேன்.
சந்தைப் பக்கமிருந்து தினம் வரும் மான் வந்தது,
ஒற்றைக் கொம்பு.
முதலில் அது தின்றது முஸம்மிலின் பெயரை.

மத்தியானம், மெல்பேர்ணிலிருந்து அண்ணா.
அவன் இங்கிலீசில்தான் எழுதுவான், இருபது வருஷமாக.
வீ ஹாவ் டிசைடட் தட் வீ வில் செல் அவர் ஹவுஸ்.

எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
அவர் ஹவுஸ்.
யாரோ மரியாதைக்குரிய ஒருவருடைய வீடு போல் இருந்தது.

முடிவெடுத்த வீ யார்? விற்கப்போகும் வீ யார்?
நாம் என்றால் நானும் கையொப்பமிட வேண்டும்.
நாங்கள் என்றால் அவனும் அண்ணியும்,
நான் உப்புவெளியில், அதே வீட்டின் பின்னறையில்
ஒழுக்குக்கு வாளி வைத்துக்கொண்டு இருக்கிறவள்.
பேச்சில் 'எங்கட' என்று சொல்வோம், அது இரண்டையும் தாங்கும்,
ஆனால் சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
போனில் முகம் இல்லை.
முகம் இருக்கும் இடத்தில் அவன் காரின் படம்.

எழுத்துத் தமிழில் கேட்டேன்:
நம் வீடா, எங்கள் வீடா?

இரண்டு கோடும் நீலமாயின.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
திரும்பவும் காட்டியது.

மான் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது.