நாற்பத்திரண்டு நாற்காலிகள்

பள்ளி விளையாட்டுக் கூடத்தின் சாவி என்னிடம்.
இருபத்தெட்டு வருஷமாக நாற்காலி போடுகிறேன்:
பரிசளிப்புக்கு, ரத்ததானத்துக்கு,
வெள்ளம் வந்த ஜூலையில்
ஈரக் கம்பளிகளுக்கு நடுவே.
எப்போதும் வரிசை. எப்போதும் மேடையைப் பார்த்து.

நகராட்சிப் பெண் வந்து
மேடை வேண்டாம், வட்டமாகப் போடுங்கள் என்றாள்.
வரிசைக்குக் கண் போதும்.
வட்டமோ கோணிக்கொண்டே போகிறது.
கடைசியில் கூடைப்பந்துக் களத்தின் நடுவட்டத்தை வைத்து
ஏழடி தள்ளித் தள்ளிப் போட்டேன்.

நாற்பத்திரண்டு பேரையும் பொறுக்கியது திருவுளச்சீட்டு.
யாரும் சுவரொட்டியில் சிரிக்கவில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை பார்க்கும் போகுமிலா
கடிதத்தை மின்கட்டணப் பாக்கி என்று எண்ணி
மூன்று நாள் பிரிக்காமலே வைத்திருந்தாளாம்.

கேள்வி ஒன்றுதான்.
கரையை இருநூறு மீட்டர் பின்னால் நகர்த்தி
ஓடர் ஆற்றுக்கு இடம் விடுவதா,
இருக்கும் கரையையே உயர்த்துவதா.
நகர்த்தினால் நூற்றுப் பதினொரு தோட்டத் துண்டுகள் போகும்.
அதில் ஒன்று போகுமிலாவுடையது.
பிளம் மரம் நான்கு, ஒரு தகரக் கொட்டகை.

முதல் சனிக்கிழமை காபி மட்டும் தீர்ந்தது.
சர்க்கரை ஆலைக் கணக்கராக இருந்த ரோமுவால்ட்
மெல்லத் தொண்டையைச் செருமினார்:
"கை தூக்குவதில் எனக்கு முப்பது வருஷப் பழக்கம்.
தூக்கிய பிறகுதான் எதற்கென்று படிப்போம்."
பாதிப் பேர் சிரித்தார்கள்.
மீதிப் பேருக்குப் புரியவே இல்லை,
அதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

பீட்சா கொண்டுபோகும் டிமோன்
நீரியல் நிபுணரைக் கேட்டான்:
"உங்கள் வீடு எங்கே?"
"மேட்டில்."
அதன்பின் வரைபடத்தை
எல்லோரும் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

காது கேளாத யூதித்தாவுக்காக வந்த சைகைக்காரருக்கு
இருந்தது இரண்டே கை.
ஆகவே ஒருவர் முடிக்கும்வரை
மற்றவர் பொறுத்தாக வேண்டும்.
கூட்டத்தைக் காப்பாற்றியது அந்த இரண்டு கைதான்
என்பேன். என்னை யார் கேட்டார்கள்?
நான் கதவோரம் துடைப்பத்தோடு நின்றவன்.

ஐந்தாம் சனிக்கிழமை வாக்கெடுப்பு.
நகர்த்தலாம் என்று இருபத்து நான்கு,
வேண்டாம் என்று பதினெட்டு.
போகுமிலா சீட்டை நாலாக மடித்துப் போட்டாள்;
எந்தப் பக்கமென்று நான் கேட்கவில்லை.
இலையுதிர்காலத்தில்
பள்ளியின் தள்ளுவண்டியை இரவல் வாங்கிப் போனாள்.
திரும்பி வந்தபோது வண்டியில்
வேரோடும் மண்ணோடும் இரண்டு பிளம் கன்று.
கொதிகலன் அறைக்குப் பின்னால் இடம் காட்டினேன்.

பிறகு பதினான்கு மாதம்
"பரிசீலனையில் உள்ளது" என்றது நகர்மன்றம்.
அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் தூசு வாசனை.
சீட்டு விழுந்த நாற்பத்திரண்டு பேரும்
மாதாமாதம் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்;
அண்டை வீட்டாரையும் கூட்டி வந்தார்கள்;
யூதித்தாவின் பக்கத்தில் அந்தச் சைகைக்காரர்,
இப்போது சம்பளமில்லாமல்.
மன்ற அறை கொள்ளவில்லை.

இன்று மாலைக் கூட்டம் என் கூடத்தில்.
எப்படிப் போடுவதென்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.
நடுக்கோட்டிலிருந்து அடி அளந்தேன்.
மேயர் முன்னாலேயே வந்துவிட்டார்,
கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று
தலைமாடு எதுவென்று தேடுகிறார்.
காபி பொங்கும் சத்தம் கேட்டு
நான் உள்ளே போனேன்.