வாளிக் கணக்கு

மூன்று வாளி.
கட்டம் போட்ட பள்ளி நோட்டில்
நவம்பர் முதல் தேதி அப்படித்தான் எழுதினேன்.
பிட்டோம் நகரம், செங்கல் குடியிருப்பு, இரண்டாம் மாடி.
காலடியில் பழைய சுரங்கம்.
அதன் மேலேயே குடியிருந்துகொண்டு
கரியை எண்ணி எண்ணிப் போடுகிறவள் நான்,
யாத்விகா மென்ட்சல்,
டிராமில் டிக்கெட் பரிசோதகி.

முதலில் கதவைப் பிடித்தேன்.
அடுப்புக் கதவின் இடுக்கில்
காலாவதியான டிக்கெட் ஒன்றை வைத்து மூடி
இழுத்துப் பார்த்தேன்.
பொய்ச் சாட்சிபோல் கூசாமல் வந்தது.
வெப்பக் கயிறு வாங்கிச் சுற்றிலும் ஒட்டினேன்.
மறுபடி இழுத்தேன்.
டிக்கெட் கிழிந்தது. சந்தோஷம்.

பிறகு சாம்பல்.
மாவுச் சல்லடையில் சலித்தால்
நிலக்கடலை அளவில் எத்தனை கருப்பு!
பாதி வெந்தவற்றைப் பொறுக்கி
மறுநாள் தீக்குத் திருப்பினேன்.
(அந்தச் சல்லடையில் இனி மாவு இல்லை.)

தலைகீழாய் மூட்டக் கற்றது தற்செயல்.
தூக்கக் கலக்கத்தில் கரியை முதலில் கொட்டிவிட்டேன்.
வாரிக்கொட்டச் சோம்பல்.
அதன் தலையிலேயே சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன்.
தீ மேலிருந்து இறங்கியது,
முழங்கால் வலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல,
ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.
காலையில் மூட்டியது
நான் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போதும்
கங்காய் விழித்திருந்தது.
புகைபோக்கியில் புகை மெலிந்துபோயிற்று.
முற்றத்துக் கொடியில் போட்ட விரிப்பு
வெள்ளையாகவே வீட்டுக்குள் வந்தது.

டிசம்பர்: இரண்டு வாளி.
ஜனவரி பாதியில்: ஒன்றரை.
டிப்போவில் எல்லோரிடமும் சொன்னேன்.
கேட்காதவர்களிடமும்.

பிப்ரவரி ஒன்பது.
பக்கத்து வீட்டு எவால்ட் பியெஹூலாவை
பித்தப்பைக் கல்லுக்காக
ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள்.
சாவியை என் கையில் திணித்து
"செடிக்குத் தண்ணீர்" என்றார்,
வலியில் வேறெதுவும் சொல்ல வரவில்லை.

பத்தாம் தேதி: இரண்டு.
பன்னிரண்டு: இரண்டரை.
பதினான்கு: மூன்று.
கயிற்றைச் சோதித்தேன். டிக்கெட் கிழிந்தது.
குழாயைத் தட்டிப் பார்த்தேன்.
ஈரக் கரி விற்றான் என்று
கடைக்காரனைத் தொலைபேசியில் திட்டினேன்,
அவனும் திட்டினான்.

அன்றிரவு போர்வைக்குள் புரண்டபோது
கை சுவரில் பட்டது.
கிணற்றுக்குள் விட்டதுபோல் சில்லென்றது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்
அவருடைய அடுப்பு.
குளிர்காலம் முழுவதும்
அவர் போட்ட கரியில் பாதிச் சுவர் எனக்கு எரிந்திருக்கிறது.
பிறர் நெருப்பில் குளிர் காய்கிறான் என்று
யாரையோ நாம் ஏசுவோமே,
அந்த யாரோ நான்தான்.
கெட்டிக்காரத்தனம் என்று நோட்டில் எழுதியதில்
எவ்வளவு என் கெட்டிக்காரத்தனம்?
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
பக்கத்தைக் கிழிக்கப் போனேன்,
கிழிக்கவில்லை.

அவர் திரும்பும் முந்தின இரவு
அவர் வீட்டைத் திறந்தேன்.
செடி வாடியிருந்தது, தண்ணீரை மறந்திருந்தேன்.
என் வாளியால், என் கரியால்,
மேலிருந்து கீழாக அவர் அடுப்பை மூட்டினேன்.
நோட்டில் எழுதினேன்: எவால்டுக்கு ஒரு வாளி.
சுவர் விடியும்வரை யோசித்தது,
பிறகு மெல்ல இளகியது.

சட்டை தொளதொளக்க வந்து சேர்ந்தவர்
நிலவறைக் கதவைக் காட்டினார்.
சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாய்க் கோடுகள்.
அவரும் எண்ணியிருக்கிறார்!
"இந்த வருஷம் கரி மிச்சம்.
டம்பரைத் திருப்பும் நுட்பம் பிடிபட்டுவிட்டது" என்று
மார்பை நிமிர்த்தினார்.
நான் பேசாமல் நின்றேன்.
நோட்டை நீட்டினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தேதி தேதியாய் விரல் ஓட்டினார்,
பத்தாம் தேதியில் நின்றது விரல்.

வெகு நேரம் கழித்து,
"எனக்கு ஒரு வாளி கடன் என்று எழுதியிருக்கிறாயே?"

"ஆமாம்."

"சுவர் கொடுத்துவிட்டது" என்றார்.

நோட்டை நான் மூடவில்லை.
இங்கே மார்ச்சிலும் பனி உண்டு.