அரங்கு எண் 47

நூற்றிருபது துண்டு ஃப்ளெக்ஸ்.
எல்லாவற்றிலும் ஒரே சொல்,
எண் மட்டும் அப்புறமாய் ஒட்டிய ஸ்டிக்கர்.
"ஸ்டால்னே போட்ருங், எழுத்துக் கொறையும்"
என்றார் கமிட்டி நாச்சிமுத்து.
காசு சதுர அடிக்குத்தானுங்க,
எழுத்துக்கு இல்லீங்க, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. சொல் தப்பித்தது.

கோபியில் விவசாயக் கருவிக் கண்காட்சி.
ஐப்பசி. தகரக் கூரை, பச்சை விரிப்பு.
ஏணியில் நின்று கம்பி முறுக்கிக்கொண்டே
ஒரு சொல்லை நாற்பது தடவை பார்த்தால்
அது சொல்லாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.
அரங்கு. அரங்கு. அர. ங்கு.

ராத்திரி அகராதியைப் புரட்டினேன்.
நாடகம் ஆடும் இடம், சரி.
சூதாடக் கீறிய கட்டம்.
நாச்சிமுத்து கையிலிருந்த லேஅவுட் தாளும்
அப்படித்தான் இருந்தது,
மூலைக் கட்டத்துக்கு வாடகை கூடுதல்.
போர்க்களம். வீட்டின் உள்ளறை.
பிறகு,
ஆறு இரண்டாய்ப் பிரிந்து மறுபடி கூடுமுன்
நடுவில் விட்டுவைத்த திட்டு.

எதிலிருந்து எது வந்ததென்று அதில் இல்லை.
வரிசையாய் எண் மட்டும் போட்டிருந்தது,
என்னைப் போலவே.

மூன்றாம் நாள் மதியம் மழை.
தடப்பள்ளி வாய்க்கால் பக்கமிருந்து
செம்மண் தண்ணீர் உள்ளே வந்து
நாற்பத்தேழின் முன்னால் கொஞ்சம் யோசித்து
அக்கட்டால ஒன்று, இக்கட்டால ஒன்று என்று பிரிந்தது.
நடுவே மரப்பலகை மேல்
ஐந்து மோட்டார், ஒரு பில் புக்,
சேலையைத் தூக்கிச் செருகிய சாந்தாமணி.

வாடகையைத் திருப்பித் தா என்று
எதிர்வரிசையில் சண்டை.
சாந்தாமணி யாரையும் கேட்கவில்லை.
விற்கக் கொண்டுவந்த பெட்ரோல் பம்பில் கயிற்றை இழுத்தாள்.
நாலாவது இழுப்பில் பிடித்தது.
தண்ணீர் ஹோஸ் வழியே ஏறி
பேங்க் லோன் கவுண்டருக்குள் போய் விழுந்தது.
பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது,
முழங்கால் நனைய, சுற்றிலும்.

நான் தலைக்கு மேலே பார்த்தேன்.
நாலும் ஏழும் நனைந்து உரிந்து எங்கோ மிதந்துபோக,
சொல் மட்டும் தொங்கியது.

"ஏனுங், நம்பரை ஒட்டிக் குடுங்.
வெலாசம் கேக்கறாங்க."
சித்த பொறுங்க்கா, வடியட்டும் என்றேன்.

வடியுமுன் மூன்று பம்பு விற்றிருந்தாள்.