இருபத்தேழாம் இடம்

ஊர் மன்றத்தில் எண் கொடுத்தார்கள்.
நாலு ஊக்கு, ஒரு துணிச் சதுரம், நாற்பத்தொன்று.
தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் நின்று
ஒருத்தி முதுகில் இன்னொருத்தி குத்திவிட்டோம்.
ஊக்கு தோலில் ஏறினாலும்
யாரும் கத்தவில்லை. குளிர் அப்படி.

வெளியே வேல்ஸ் மழை.
அது பெய்வதில்லை; இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் இந்தச் சாலையில்
பால் லாரி ஓட்டுகிறேன்.
பதினெட்டாயிரம் லிட்டர் முதுகில் குலுங்க,
ஹீட்டர் போட்டு, வானொலி கேட்டு,
பூல்ச் அ வ்ரானை இரண்டாம் கியரில் ஏறுவேன்.
எங்கள் மொழியில் காக்கைக் கணவாய்.
இத்தனை வருடம் ஏறியது லாரி என்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் வளைவுவரை கூட்டத்தோடு இருந்தேன்.
முப்பத்தெட்டுப் பெண்கள், எழுபத்தாறு முழங்கால்,
எல்லாவற்றிலும் ஒரே சேறு.
முன்னால் யாரோ எழுந்து நின்று மிதித்தாள்.
கயிறு அறுவது போல் இல்லை அது,
ரப்பர் இழுபடுவது போல்:
ஒரு சக்கர தூரம், ஒரு கார் தூரம்,
ஒரு வயல் தூரம்,
பிறகு அவர்கள் பேச்சு மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.

செம்மறிகள் வேலிக்குள்ளிருந்து பார்த்தன.
மென்றுகொண்டே பார்த்தன.
கடைசிப் பல்சக்கரத்துக்கு அப்பால்
இன்னொன்று இருக்குமா என்று
விரல் தானாகத் தட்டிக் கேட்டது.
இல்லை.
மூன்று தரம் கேட்டாலும் இல்லை.
வாயில் இரும்புச் சுவை.
நுனியில் சொட்டுவது மழையா மூக்கா,
தெரிந்து என்ன செய்ய?

அப்போதுதான் பின்னால் அந்தக் கிறீச்.
எண்ணெய் காணாத செயின்.
பச்சைத் தலைக்கவசம், எண் பதினாறு.
தாண்டவில்லை; ஒட்டிக்கொண்டாள்.
உச்சியில் எதிர்க்காற்று அறைந்ததும்
முன்னால் வந்து நின்றாள்.
முப்பது எண்ணி முழங்கையை லேசாக அசைத்தாள்:
உன் முறை.
முப்பது எண்ணி நானும் அசைத்தேன்.
பெயர் கேட்கவில்லை. கேட்க மூச்சில்லை.
இருபத்தாறு கிலோமீட்டர்
ஒருத்தி காற்றை உடைக்க
மற்றவள் அதன் நொறுங்கலில் போனாள்.

இறக்கம் மட்டும் என் ராஜ்ஜியம்.
ப்ரித்தார்ட் பண்ணைத் திருப்பத்தில்
இடப்பக்கம் சாணிச் சேறு.
பாலம் தாண்டினால் குழி இரண்டு.
ஆடு தாண்டாமல் சாலையில் பதித்த
இரும்புக் கம்பிகள்மேல் நேராகப் போகணும்,
பிரேக்கைத் தொட்டால் பல்லை அங்கேயே பொறுக்கணும்.
ஒவ்வொன்றுக்கும் கை காட்டினேன்.
என் சக்கரத்தை அப்படியே நம்பினாள்.
வீட்டில்கூட என்னை யாரும் அப்படி —
சரி, அது வேறு கதை.

எலுமிச்சை நாறும் பசைப் பொட்டலம்,
பாதி உறிஞ்சி மீதியை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

ஊர்ப் பலகை தெரிந்தது. முந்நூறு மீட்டர்.
கிறீச் சட்டென்று நின்றது.
பாய்வதற்கு முன் பூனை நிற்குமே, அந்த நிற்றல்.
எனக்கும் அதே எண்ணம், அதே நொடி.
வெட்கமில்லாமல் எழுந்து மிதித்தோம்.
தோள் தோளில் இடித்தது.
அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
நான் அதைவிடக் கெட்டதை.
இருபத்தேழாம் இடத்துக்கு.

கோட்டில் நடுவர் மைரிக் இல்லை.
மன்ற வாசலில் குடைக்குள்
கேக் தின்றுகொண்டிருந்தார்.
"ஜெயிச்சவங்க குளிச்சிட்டே போயிட்டாங்களே" என்றார்.
நான்தான், இல்லை நான்தான் என்று
இரண்டு பேரும் வாதாடினோம்.
பல் கிட்டியதில்
ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை.

விறைத்த விரலுக்கு ஊக்கு கழலவில்லை.
"திரும்பு" என்றாள்.
கழற்றிவிட்டாள், நாலையும்,
ஒன்றைத் தோலோடு சேர்த்து.

சுவரில் ஒட்டிய தாளில்
இருபத்தேழு: தெலேரி, எண் பதினாறு.
இருபத்தெட்டு: என் பெயர், எழுத்துப்பிழையோடு.
அகர வரிசைப்படி போட்டேன் என்றார் மைரிக்.

திங்கள், விடியாத நாலரை மணி.
இரண்டாம் கியர், ஹீட்டர், வானொலி.
கணவாய் உச்சியில் காற்று கண்ணாடியில் அறைந்ததும்
முப்பது எண்ணி
முழங்கையை அசைத்தேன்.
பின்னால் பதினெட்டாயிரம் லிட்டர் பால்
முன்னால் வர மறுத்துவிட்டது.