ஒரு யகரம் கூடுதல்

ஆதாரில் என் பெயர் பேய்ச்சி.
நடுவில் ஒரு 'ய்',
எவனோ தூக்கக் கலக்கத்தில் தட்டியது.
பத்து வருஷமாக யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.
லோன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர்
அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

இன்று சிம்மக்கல் இ-சேவை மையத்தில்
டோக்கன் நாற்பத்து மூன்று.
"பேய் வெயிலு" என்று கழுத்தைத் துடைக்கிறார்
எனக்கு முன்னால் நிற்பவர்,
என் பெயர் தெரியாமல்.

வரிசையில் நிற்பவளுக்கு வேறென்ன வேலை.
யோசித்துக்கொண்டே நின்றேன்.

யானைக்கல் மண்டியில் இருபத்தொரு வருஷமாகச்
சீப்பு அறுக்கிறேன்.
நாடு, ரஸ்தாளி, பச்சை, பேயன்.
பேயன் குட்டை, தடித்த தோல்,
கெட்டுப்போனது மாதிரி கறுத்த பிறகுதான் இனிக்கும்.
அம்மை கண்ட வீட்டார் தேடி வந்து வாங்குவார்கள்
குளிர்ச்சி என்று.
பெயர் வைத்தவன் தின்று பார்த்திருக்க மாட்டான்.

வேலியில் தானாய்ப் படர்கிற பேய்ப்பீர்க்கும்
பேய்ச்சுரையும் கசக்கும்.
அங்கே பேய் என்றால்
மனுசன் வாயில் வைக்க முடியாதது, அவ்வளவுதான்.
அணிலுக்கும் எறும்புக்கும் அது வேறு பெயரில் இருக்கலாம்.

போன ஐப்பசியில் பேய்மழை கல்பாலத்தை மூடியது.
இறக்கி வைத்த தாரெல்லாம் வைகையோடு போக
முதலாளி ஒச்சப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.
அறைந்தது மழை.
பழி வழக்கம்போல.

என் வீட்டுக்காரர் சோணைமுத்து
ஆட்டோவை நிறுத்த ராத்திரி ஒன்றரை ஆகும்.
பேய்ப்பசியோடு வருவார், தின்றதும் பேய்த்தூக்கம்.
"பேயா உழைக்கிறான்யா" என்று அவரை மெச்சுகிற தெரு
குழாயடியில் நான் குரலை உயர்த்தினால்
"பேய் மாதிரி கத்துறா" என்கிறது.
தராசு ஒன்றுதான். கல்தான் வேறு.

பெண்ணென்றால் பேயும் இரங்குமாம்.
முப்பது கிலோக் கூடையை என் தலையில் ஏற்றிவிட்டவன்
எவனும் இரங்கியதில்லை.
பேயிடம்தான் இன்னும் கேட்கவில்லை.

பேய்த்தேர் என்று ஒன்று படித்தேன்.
மேலூர் ரோட்டில் நடுப்பகலில்
தாருக்கு மேல் தண்ணீர் மாதிரி ஓடுமே, அது.
கிட்டப் போனால் தள்ளிப் போகும்.
எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள்.
தேர் நிற்கவில்லை.

நாற்பத்து மூன்று.

"விரலை வைங்கக்கா" என்றாள் நாகஜோதி
(கழுத்து அட்டையில் அப்படித்தான் இருந்தது, பிழையில்லாமல்).
மிஷின் சிவப்பு காட்டியது.
அடுத்த விரல். சிவப்பு.
துணியால் துடைத்தாள், தண்ணீர் தொட்டாள்,
பத்தும் வைத்தாகிவிட்டது.
"ரேகையே இல்லக்கா."
வாழைக்கறை தின்றிருக்கிறது, கத்தி தின்றிருக்கிறது.
பேய்க்குக் கால் இல்லை என்றுதான்
இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னாள்.
கறுப்புப் பெட்டிக்குள் பார்த்தேன்.
பச்சை விளக்கு.
உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று
அது ஒப்புக்கொண்டது.

"பேச்சியா, பேச்சியம்மாளா?"
பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டில் அம்மாள் இருக்கிறது.
பேசுகிறவள் என்று பொருளா, பேயின் பெண்பாலா,
இல்லை படித்துறையில் உட்கார்ந்திருக்கிறவளா
என்று அவள் கேட்கவில்லை.
ய்-யின் மேல் கர்சரை வைத்து ஒரு தட்டு.
புள்ளியும் சேர்ந்து போனது.
எனக்குச் சின்னதாய் ஏதோ இருந்தது,
காதுத் தோட்டைக் கழற்றின மாதிரி.

"நாப்பது நாள் ஆகும்க்கா. சீட்டைப் பத்திரமா வச்சுக்கங்க."

மண்டிக்குள் நுழையும்போதே ஒச்சப்பன் கத்தினார்:
"எங்க போய்த் தொலைஞ்ச பேயே, லாரி நிக்குது!"

நாற்பது நாளைக்கு அந்தப் பெயர் செல்லும்.
"வந்துட்டேன்" என்று
கத்தியை எடுத்தேன்.