சாட்சிக் கையெழுத்து

பின்பக்கத் தகட்டில் மூன்று பெயர்கள்.
வெள்ளைச் சாயத்தில் தெரிவது கடைசிப் பெயர்.
விரலால் தடவினால்
பற்றவைத்த தழும்பாய் இரண்டாவது.
முதல் பெயர் ஜப்பானிய எழுத்து,
பம்ப்மேன் ஹஸ்புல்லா அதன்மேல்
துணி காயப்போடுவார்.

பதிவேட்டைப் புரட்டினால்
புக்கோம், துவாஸ், கிழக்கு நங்கூரத் துறை,
மறுபடி புக்கோம்.
இருபத்தாறு வருடம்
ராட்டர்டாம் போகிறவனுக்கும்
சாண்டோஸ் போகிறவனுக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு
ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு
இப்பாலேயே திரும்பிக்கொண்டது.

ஒரு ராத்திரி
காற்றடித்து நுரைத்த எண்ணெயை
முழு அளவென்று எழுதச் சொன்னார்கள்.
நாடாவை இரண்டு முறை இறக்கினேன்.
பதினொரு டன் குறைவு.
என்ன எழுதினேன் என்பதை
இங்கேயும் சொல்லப்போவதில்லை.
கீழே நான்கு கையெழுத்து இருந்தது,
என்னுடையதையும் சேர்த்து.

நாளை இழுவைப்படகு வருகிறது.
சிட்டகாங் சேற்றுக்கு, உடைக்க.
இங்கே வந்த நாளுக்குப் பிறகு
இதுதான் அதற்கு வெளியூர்.

கடைசியாக ஒரு முறை நாடா இறக்கினேன்.
ணங்கென்று அடித்தகட்டில் முட்டி நின்றது.
ஏற்றிப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை.

பூஜ்யம் என்று எழுதினேன்.
சாட்சிக் கையெழுத்துக்கு
ஆளில்லை.