வாழைக்கு முன்

குழாய் வெடித்தது வியாழன் இரவு.
வெள்ளி மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது
எலோடி ரூசெவ்
சமையலறைக்குக் குறுக்கே கொடி கட்டி
நியூ ஓர்லியன்ஸை உலர்த்திக்கொண்டிருந்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு தபால் அட்டைகள்.
ஒவ்வொன்றின் காதிலும் ஒரு கிளிப்.
இரும்புப் பூவேலை விறாந்தைகள்,
கதீட்ரலின் மூன்று கூம்புகள்,
குதிரைவண்டி நுழையும் வளைவாசல்,
அப்புறம் முற்றம், முற்றம், முற்றம்:
செங்கல் தரை, கல் நீரூற்று,
வளைந்தேறும் படி, ஆளில்லாத நாற்காலி.

என் வேலை விலை போடுவது.
காப்புறுதிப் படிவத்தில் நாலு பத்தி:
பொருள், வயது, முந்தைய நிலை, இன்றைய நிலை.
அழுகைக்கு இடமில்லை. அவரும் அழவில்லை.
"டூலூஸ் தெரு வரிசையை முதலில் பாருங்கள்,
அந்தத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்."

பின்பக்கங்களையும் படித்தேன், விதிப்படி.
1909, ஆகஸ்ட். ஊதா மை கரைந்தோடியும் மிஞ்சியது:
"லூயிஸ், புழுக்கம் தாங்க முடியவில்லை.
புள்ளடி போட்ட யன்னல் என்னுடையது.
மண்ணிறச் சப்பாத்தை அனுப்பு, கறுப்பு வேண்டாம்."
திருப்பினேன். மூன்றாம் மாடியில், ஆம், புள்ளடி.
சப்பாத்து வந்ததா என்பது
அட்டைக்குத் தெரியாது.

இருநூற்றாறாம் எண்ணில்தான் நின்றேன்.
முற்றத்து மூலையில் ஒரு வாழை.
நீர்வேலியில் பிறந்தவனிடம்
வாழையைப் பற்றிக் கதையளக்க முடியாது.
பொத்தி மெழுகுவர்த்திபோல மேல்நோக்கி நின்றது.
தண்டில் மடலே இல்லை, ஓக் மரத்துப் பட்டை.
பனி கொட்டும் ஏதோ ஊரின் அச்சகத்தில்
வாழையைக் காதால் மட்டும் அறிந்த ஒருவர்
தூரிகையால் நட்டது.
"இது வளர்ந்த வாழை இல்லை" என்றேன்.

எலோடி முதல்முறை என்னை நிமிர்ந்து பார்த்தார்.
கொடியின் மறுகோடிக்குப் போய்
இன்னோர் அட்டையைக் கழற்றி வந்தார்.
அதே நீரூற்று, அதே நாற்காலி.
வாழை நின்ற இடத்தில்
ஒரு கறுப்பினப் பெண், தொட்டிமேல் குனிந்து,
முழங்கைவரை நுரை.
"இது முதல் பதிப்பு. அடுத்ததில்
முற்றத்தை அழகாக்கிவிட்டார்கள்."

நிழலை மறந்துவிட்டார்கள்.
வாழையின் அடியில், செங்கல்மீது,
வளைந்த முதுகு ஒன்றும் தொட்டியின் வட்டமும்
மாலை வெயிலுக்குச் சாய்ந்து கிடந்தன.

பெயர் கேட்டேன்.
தெரியாது. இருபத்திரண்டு வருடம் தேடியிருக்கிறார்,
ஞானஸ்நானப் பதிவு, வரிச்சிட்டை, சலவைக் கணக்கு.
"என் உறவென்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
ஆனால் அது பொய்."

ஈரம் வாழையைக் கரைத்து
அவளை வெளியே விடும் என்று
ஒரு நிமிடம் நம்பினேன், சொல்ல வெட்கம்.
அச்சு அப்படி இயங்காது.
மைக்குக் கீழே தாள். தாளுக்குப் பின்னால்
யாரோ யாருக்கோ எழுதிய வெயில்.

சந்தையில் வாழை அட்டை நாற்பது டொலர்.
அவள் உள்ள அட்டை பன்னிரண்டு,
"காட்சியை மறைக்கும் உருவம்" என்று
விலைப்பட்டியலில் ஒரு குறை வேறு.

படிவத்தில் எழுதினேன்:
206, 207. சோடி. தனித்தனியே விலை இல்லை.
மேலாளர் திருப்பி அனுப்புவார்.
அனுப்பட்டும்.

டூலூஸ் தெருவில் காரை நிறுத்திய இடத்துக்கருகே
ஹோட்டல் ஒன்றின் பக்கக் கதவு பாதி திறந்திருந்தது.
உள்ளே செங்கல், ஏசி இயந்திரங்கள், பியர்ப் பெட்டிகள்,
வெள்ளைத் துவாய்கள் குவிந்த வண்டி.
தள்ளி வந்தவள் நின்றாள்.
"என்ன வேண்டும்?"
ஒன்றுமில்லை என்றேன்.
அப்படியானால் வழியை விடு என்றாள்.
விட்டேன்.